பொதிகை அடிவாரத்துக்கு ஒரு சைக்கிள் வழி: ஆட்சியர்களுக்கும் பொறியாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

திருநெல்வேலி, தென்காசி மாவட்ட ஆட்சியர்களுக்கும், நெடுஞ்சாலை, நீர்வளம், அறநிலையம், சுற்றுலாத் துறை அலுவலர்களுக்கும், ஊராட்சி ஒன்றியப் பொறியாளர்களுக்கும் வணக்கம்.

சைக்கிளில் பை கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவர்களுக்குத் தனித் தடம் போட்டுத் தாருங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. தடம் ஏற்கெனவே இருக்கிறது. தாமிரபரணியின் தென்கரையிலும் அடிவாரத்து ஊர்களுக்கு இடையிலும் போகிற பழைய சாலைகள்தான் அது. அதைக் குறித்துக் கொடுங்கள், ஓரத்தைச் சரிசெய்யுங்கள், தயவுசெய்து அகலப்படுத்தாதீர்கள். கேட்பது இந்த மூன்றுதான். மற்றதெல்லாம் இவற்றின் விவரம்.

முதலில் வழி. நெல்லையிலிருந்து மேலப்பாளையம், முன்னீர்பள்ளம் பக்கமாகப் பத்தமடை, அங்கிருந்து சேரன்மகாதேவி, காருகுறிச்சி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி. ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் அம்பாசமுத்திரம். இது ஏறக்குறைய 35 கிலோமீட்டர். அடுத்த நாள் அம்பையிலிருந்து பிரம்மதேசம், மன்னார்கோயில் பார்த்துவிட்டு ஆழ்வார்குறிச்சி, சிவசைலம், கடையம், தென்காசி. அது முடிந்து இலஞ்சி, குற்றாலம், செங்கோட்டை, பண்பொழி. இது வடக்குக் கை. தெற்குக் கை சேரன்மகாதேவியில் பிரிந்து களக்காடு, திருக்குறுங்குடி, ஏர்வாடி என்று மலையை வலப்பக்கம் வைத்துக்கொண்டே போகும். வீரவநல்லூரிலிருந்து திருப்புடைமருதூருக்கு ஒரு கிளை, நாங்குநேரிப் பக்கமிருந்து கூந்தன்குளத்துக்கு ஒரு கிளை. இத்தனை ஊருக்கும் ஒரு மீட்டர் நிலம்கூடக் கையகப்படுத்த வேண்டியதில்லை.

மஞ்சோலையை நாங்கள் கேட்கவில்லை. மணிமுத்தாறு சோதனைச்சாவடிக்கு மேலே இருப்பது புலிகள் காப்பகம். களக்காட்டுத் தலையணையும் திருக்குறுங்குடி மலைநம்பி கோயிலும் அப்படித்தான். அங்கே வனத்துறை சொல்கிற நேரத்துக்கு, சொல்கிற விதத்தில் போய்வரலாம். சைக்கிள் வழி என்று பலகை வைக்கக் கூடாது. செங்கோட்டையிலிருந்து புளியரை வழியாகக் கணவாய் ஏறும் சாலையையும் இந்தத் திட்டத்தில் சேர்க்க வேண்டாம். எஸ் வளைவில் பாரம் ஏற்றிய லாரியோடு சைக்கிளும் சேர்ந்து ஏற அங்கே இடமில்லை.

‘மலை’ என்றதும் ஏற்றத்தைத்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். நெல்லைக்கும் தென்காசிக்கும் கடல்மட்ட உயர வித்தியாசம் சுமார் 100 மீட்டர். அது 70 கிலோமீட்டரில் பரவிக் கிடக்கிறது. பண்பொழித் திருமலைக் கோயில் மலைச்சாலை ஒன்றை விட்டால் மிதிகட்டைப் பக்கத்துப் பல்சக்கரத்தில் சின்னதுக்கு மாறவேண்டிய இடம் இந்த வழியில் அரிது. இங்கே ஏற்றம் என்பது காற்றுதான். வைகாசி கடைசியிலிருந்து புரட்டாசி வரை செங்கோட்டைக் கணவாய் வழியாகவும் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகவும் மேல்காற்று புகுந்து அடிக்கும். காற்றாலைகளை எங்கே நட்டிருக்கிறார்கள் என்று பார்த்தாலே போதும், அந்தக் காற்றின் வரைபடம் கிடைத்துவிடும். மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் மேற்கே மிதிக்கிறவருக்கு எதிரே 25 கிலோமீட்டர் காற்று வந்தால், அவர்மேல் மோதுவது 40 கிலோமீட்டர் காற்று. காற்றுத் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவதால், காற்றில்லாத நாளில் உள்ளதைப்போல் ஏழு மடங்கு தடை. ஆடியில் அம்மி பறக்குமோ என்னவோ, பக்கவாட்டில் பை கட்டிய சைக்கிள் நிச்சயம் அலையும்.

அதனால்தான் இந்த வழிக்கு இரண்டு திசைகள் வேண்டும். மார்கழி, தை, மாசியில் நெல்லையிலிருந்து மேற்கே போகலாம். சாரல் மாதங்களில் செங்கோட்டை ரயிலில் சைக்கிளை ஏற்றிப் போய், தென்காசியில் இறங்கி, காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு கிழக்கே வரவேண்டும். பலகை வைக்கும்போது இரு திசைக்கும் வையுங்கள் என்று கேட்பதன் காரணம் இது. ஒரு திசைக்கு மட்டும் வைத்தால் வருடத்தில் நான்கு மாதம் அந்தப் பலகை பயணிக்கு முதுகைத்தான் காட்டும்.

ரயில் உங்கள் கையில் இல்லை, தெரியும். ஆனால் நெல்லை–செங்கோட்டைப் பாதை இந்த வழிக்கு ஏறத்தாழ இணையாகவே ஓடுகிறது. சேரன்மகாதேவி, காருகுறிச்சி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பை, ஆழ்வார்குறிச்சி, பாவூர்ச்சத்திரம் என்று வழியெங்கும் நிலையம். சைக்கிளை லக்கேஜாகப் பதிந்து ரயிலின் லக்கேஜ் பெட்டியில் ஏற்றவேண்டும் என்பது விதி. சின்ன நிலையத்தில் வண்டி நிற்கிற ஒன்றிரண்டு நிமிடத்தில் அது நடக்காது. பயணிகள் வண்டியின் கடைசிப் பெட்டியில் நான்கு கொக்கி மாட்டி, முன்சக்கரத்தை மேலே மாட்டித் தொங்கவிட இடம் கொடுத்தால் போதும். செயின் அறுந்தவர், முட்டி பிசகியவர், மழையில் மாட்டியவர் எல்லோரும் ஐந்தாறு கிலோமீட்டர் உருட்டிக்கொண்டு வந்து ரயிலேறிவிடுவார்கள். ஆட்சியர்கள் கோட்ட ரயில்வேக்கு ஒரு கடிதம் எழுதினால் அதற்கு எங்கள் மனுவைவிட எடை அதிகம்.

இனி சாலை. பொறியாளர்கள் இந்தப் பகுதியைப் பொறுமையாகப் படிக்கவேண்டும்.

சைக்கிள்காரரைக் கொல்வது பெரும்பாலும் குழி அல்ல, தார் விளிம்பு. பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் மேலே மேலே போடும்போது ஒவ்வொரு முறையும் மூன்று, நான்கு சென்டிமீட்டர் ஏறுகிறது. மூன்று முறை போட்டால் ஓரத்தில் ஏறக்குறைய அரைச் சாண் பள்ளம். பின்னால் பேருந்து ஹாரன் அடிக்கிறது, சைக்கிள் மண்ணில் இறங்குகிறது. பேருந்து போனபின் திரும்ப ஏறப் பார்க்கிறார். ஹேண்டிலை லேசாகத்தான் திருப்ப முடியும். முன் டயரின் பக்கம் தார் விளிம்பை உரசிக்கொண்டே ஓடுமே தவிர ஏறாது. உடல் வலப்பக்கம் சாய்ந்துவிட்டது, சக்கரம் சாயவில்லை. விழுவது சாலைக்குள், அடுத்த வண்டிக்கு முன்னால். இதற்குப் பரிகாரம் சின்னது. தார் போடும்போது விளிம்பைச் செங்குத்தாக விடாமல் 30 பாகைச் சரிவாக அழுத்திவிடுங்கள். அதன்பின் ஒரு மீட்டர் அகலத்துக்குச் சரள் கொட்டி, தார்மட்டத்துக்கு ரோலர் ஓட்டுங்கள். வெறும் மண்ணைக் கொட்டினால் ஐப்பசி மழை முதல் வாரத்திலேயே கொண்டுபோய்விடும்.

வேகத்தடை. இந்தியச் சாலைக் காங்கிரஸ் சொல்கிற அளவு 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம். ஏறுவதும் இறங்குவதும் தெரியாத வளைவு. ஊருக்குள் இருப்பதோ பல இடத்தில் ஒரு முழ அகலத்தில் அதே உயரம். வெறும் சைக்கிள் தாண்டிவிடும். பையும் தண்ணீரும் கூடாரமுமாகப் பதினைந்து, இருபது கிலோ ஏற்றிய சைக்கிளில் பாரத்தின் பெரும்பகுதி பின்சக்கரத்தில் இருக்கும். டயர் நசுங்கி, ரிம் டியூபைக் கடித்து, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழும்; பாம்புக்கடி என்பார்கள். அடுத்து முறிவது கேரியரைப் பிடித்திருக்கும் 5 மி.மீ. போல்ட். மரநிழலில் வெள்ளைக்கோடு அழிந்த வேகத்தடைதான் மோசம், அருகில் வரும்வரை கண்ணுக்குத் தெரியாது. வருடம் ஒருமுறை, மழைக்காலம் முடிந்ததும், கோடு அடித்தால் பாதிப் பிரச்சினை தீரும். தடித்த பெயிண்டில் வரிவரியாகப் போடும் அதிர்வுக் கோடுகளை மட்டும் இறக்கத்திலும் வளைவிலும் போடாதீர்கள். நனைந்தால் சோப்பு மாதிரி.

நெல் காயப்போடுவது பற்றிச் சொன்னால் விவசாயிக்கு எதிராகப் பேசுகிறோம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்கிறபோது, களம் இல்லாதவர் சாலைக்குத்தான் வருவார். கார் அறுப்பு புரட்டாசியை ஒட்டி, பிசானம் மாசி பங்குனியில். அந்த வாரங்களில் பாதிச் சாலை நெல்லும் வைக்கோலுமாக இருக்கும். நெல்மேல் ஓட்டினால் வழுக்கும், ஆனால் மெதுவாகப் போனால் பிழைக்கலாம். வைக்கோல்தான் ஆபத்து. ஒரு தாள் செயினில் மாட்டிப் பின்னால் தொங்கும் கியர் கையின் குட்டிச் சக்கரத்தில் சுற்றும். மிதிப்பவருக்குக் கொஞ்சம் கனமாகத் தெரியும், எதிர்காற்று என்று நினைத்து இன்னும் அழுத்துவார். அந்த அழுத்தத்தில் கியர் கை பின்னோக்கி இழுபட்டுக் கம்பிகளுக்குள் போய்விடும். அதைத் தாங்கும் சின்ன அலுமினியத் துண்டு முறியும். அது ஒவ்வொரு மாடலுக்கும் ஒரு வடிவம். தென்காசியில் மட்டுமில்லை, சென்னையிலும் அந்த நிமிடத்தில் கிடைக்காது. கால் அழுத்தம் மாறினால் உடனே இறங்கிப் பார்க்கவேண்டும் என்று பயணிகளுக்கு நாங்கள் சொல்லிவிடலாம். நீங்கள் செய்யவேண்டியது சிமெண்ட் உலர்களம். ஊருக்கு ஒன்று உடனே முடியாது என்றால், சாலையின் ஒரே பக்கத்தில் மட்டும் காயப்போடுவது என்று ஊராட்சியில் பேசி முடியுங்கள். காயும் நெல்மணியைச் சுற்றி அணைகட்டுகிற கல்லை, நெல் அள்ளும்போதே எடுத்துவிடச் சொல்லுங்கள். நெல் வீட்டுக்குப் போய்விடும், கல் கருக்கலில் சாலையிலேயே கிடக்கும்.

முள். சீமைக்கருவேலத்தை அகற்றுகிறார்கள், நல்லது. ஆனால் பொக்லைன் பிடுங்கிய கிளை இரண்டு வாரம் ஓரத்தில் கிடந்து காய்ந்தால் பச்சை முள்ளைவிட அது உறுதி. லாரிச் சக்கரம் அதை நொறுக்கிச் சாலை முழுக்கத் தூவும். அன்றைக்கு வெட்டியதை அன்றைக்கே ஏற்றிவிட்டு, ஓரத்தை ஒருமுறை பெருக்கச் சொல்லி வேலை ஆணையிலேயே ஒரு வரி சேருங்கள். தெற்குக் கையில், ஏர்வாடியைத் தாண்டிக் கிழக்கே போகப்போக உடைமுள்ளும் சேர்ந்துகொள்ளும். அங்கே டயருக்குள் பட்டை போடாமல் போகிறவர் பங்சர் ஒட்டக் கற்றுக்கொண்டு திரும்புவார்.

பங்சர் என்றதும் ஊர் சைக்கிள் கடை. அடிவாரத்து ஊர்களில் இன்னும் கடைகள் இருக்கின்றன, ஒட்டுகிற கையும் நல்ல கை. சிக்கல் மவுத்தில், அதாவது டியூபில் காற்றடைக்கும் வால்வில் வருகிறது. வெளியூர் சைக்கிளின் ரிம் துளை பெரும்பாலும் 6.5 மி.மீ., மெல்லிய மவுத்துக்கானது. நம்மூர் 28 அங்குல டியூபின் மவுத் 8 மி.மீ. தடிமன். டியூப் சக்கரத்துக்குச் சேரும், மவுத் துளையில் நுழையாது. ரிம்மை அராவிப் பெரிதாக்கினால் உண்டு, ஆனால் அதற்கு மனசு வராது. மெல்லிய மவுத்துக்குக் கடையின் பம்ப் தலையும் பொருந்தாது. ஒரு பித்தளை அடாப்டர் விலை ஒரு சாப்பாட்டுக்காசுக்கும் குறைவு. இந்த வழியில் எட்டுப் பத்துக் கடைகளைத் தேர்ந்து, ஒவ்வொன்றிலும் இரண்டு அடாப்டர், 4, 5, 6 மி.மீ. ஆலன் கீ, 700 அளவு டியூப் இரண்டு, ஒரு செயின் வெட்டி இவற்றைச் சுற்றுலாத் துறை வாங்கி வைக்கட்டும். டியூப் விற்ற காசில் கடைக்காரரே அடுத்ததை வாங்கிக்கொள்வார். கடை வாசலில் ஒரு நீலப் பட்டை அடித்தால் அடையாளம். நட்டநடு வெயிலில் நிற்கிற தானியங்கிக் காற்றுக் கம்பம் எதுவும் வேண்டாம். மூன்று மாதத்தில் அதன் குழாய் காணாமல் போகும், கடைக்காரர் போகமாட்டார்.

பலகைக்கு வருகிறோம். முகப்பு வளைவு, மலை அருவி ஓவியம், தலைவர்கள் படம் இவை எதுவும் வழிகாட்டாது. நம் ஊரில் வழி தெரிவது விலக்கில், அதாவது சாலை பிரியும் இடத்தில்தான். ஒவ்வொரு விலக்குக்கும் 30 மீட்டர் முன்னால் ஒரு சின்னப் பலகை, திரும்பியபின் 100 மீட்டரில் ‘சரியான வழிதான்’ என்று சொல்ல இன்னொன்று. நடுவில் இருக்கிற மைல்கல்லின் பக்கவாட்டில் ஒரு சைக்கிள் படமும் அம்புக்குறியும் போதும். பலகையில் அடுத்த ஊர் எவ்வளவு தூரம் என்பதோடு அடுத்த தண்ணீர் எவ்வளவு தூரம் என்றும் எழுதுங்கள். வெயிலில் மிதிக்கிறவருக்கு மணிக்கு அரை லிட்டரிலிருந்து முக்கால் லிட்டர் வேண்டும். சித்திரையில் அதற்கும் மேல். சுமைதாங்கிக் கல்லும் கல்மண்டபமும் நட்டு வைத்த சீமையில் இதைப் புதிதாக விளக்க வேண்டியதில்லை. அந்தச் சுமைதாங்கிகளில் சில இன்னும் சாலையோரத்தில் நிற்கின்றன. அவற்றைப் பெயர்த்துவிடாமல் பக்கத்தில் ஒரு குழாய் போட்டால் அதைவிட நல்ல நிறுத்தம் வேறில்லை. மார்பளவு கல்லில் சைக்கிளைச் சாய்த்துப் பையைக் கழற்றலாம். பங்குனி, சித்திரையில் பனையடியில் பதநீர் விற்கிறவர் இருக்குமிடத்தைப் பலகையில் எழுத முடியாது, அதை வருகிறவர்களே மோப்பம் பிடித்துக்கொள்வார்கள்.

கால்வாய்க் கரைகள். கன்னடியன் கால்வாய், கோடகன் கால்வாய், பாளையங்கால்வாய் என்று தாமிரபரணி அணைக்கட்டுகளிலிருந்து பிரிகிற கால்வாய்களின் கரையில் ஆய்வுப்பாதை உண்டு. ஒரு பக்கம் வாழை, ஒரு பக்கம் தண்ணீர். இந்த நாட்டிலேயே இதைவிட நல்ல சைக்கிள் பாதை அமைவது கடினம். இங்கே நீர்வளத் துறைக்கு எங்கள் வேண்டுகோள் ஒன்றே ஒன்று: தார் போடாதீர்கள். தார் போட்ட மறுமாதம் கார் வரும், கரை இறங்கும். ஒன்றரை மீட்டர் அகலத்துக்குப் பத்து சென்டிமீட்டர் சரள் போட்டு அழுத்தினால் போதும். இப்போதுள்ள வண்டல் மண் மழை பெய்தால் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் அப்பிக்கொண்டு சக்கரத்தை நிறுத்திவிடுகிறது. வாகனத்தைத் தடுக்கக் குட்டைத் தூண் நடலாம் என்று சிலர் சொல்வார்கள். நடக் கூடாது. வாழைத்தார் ஏற்ற டிராக்டர் அந்தக் கரையில்தான் வரவேண்டும்.

கோயில்கள். பிரம்மதேசத்துக் கைலாசநாதர், மன்னார்கோயில் இராஜகோபால சுவாமி, திருப்புடைமருதூர் நாறும்பூநாதர், திருக்குறுங்குடி நம்பி. இவற்றைப் பார்க்கத்தான் பாதிப்பேர் இந்த வழியில் வருவார்கள். காலை ஆறு மணிக்குக் கிளம்பிய சைக்கிள் உச்சிவேளையில் வந்து சேரும்போது நடை சாத்தியிருக்கும். மாலை நான்கு, ஐந்துக்குத்தான் திறப்பார்கள். அந்த நான்கு மணி நேரமும் இந்த வழியில் வெயில் அதிகமான நேரம். ஆகவே வாசல் மண்டபத்தைத் திறந்து வையுங்கள், நிழலும் தண்ணீரும் கிடைக்கும். திருப்புடைமருதூர்க் கோபுரத்தின் உள்நிலைகளில் இருக்கும் மரச்சிற்பமும் சுவரோவியமும் பூட்டியே வைக்கவேண்டிய பொருள்தான். வாரத்தில் இரண்டு நாள், குறித்த ஒரு மணி நேரம், பத்துப் பேராகக் கூட்டிப்போய்க் காட்ட ஏற்பாடு செய்தால் அதற்கேற்ப ஆட்கள் பயணத்தை அமைத்துக்கொள்வார்கள். அந்த ஊர் 2005இல் பறவைகள் பாதுகாப்புக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. ஹாரன் இல்லாமல் வருகிற சுற்றுலாப் பயணி சைக்கிள்காரர் ஒருவர்தான் என்பதையும் கணக்கில் சேருங்கள்.

கோயில் வாசலிலும் பேருந்து நிலையத்திலும் சைக்கிளைப் பூட்ட இடம் வேண்டும். முன்சக்கரத்தை மட்டும் செருகுகிற கம்பிச் சட்டத்தை வாங்காதீர்கள். பை ஏற்றிய சைக்கிள் சாய்ந்தால் ரிம் வளைந்துவிடும். ‘ப’ எழுத்தைக் கவிழ்த்த மாதிரி 50 மி.மீ. குழாய், தரைக்கு மேல் 75 சென்டிமீட்டர், தரைக்குள் 30 சென்டிமீட்டர் கான்கிரீட்டில். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் ஒரு மீட்டர் இடைவெளி. ஊர்ப் பட்டறையிலேயே வளைத்துக் கொடுப்பார்கள். பக்கத்திலேயே பூட்டும் தண்ணீரும் உள்ள கழிப்பறை இருக்கவேண்டும். பெண்கள் தனியாகவும் குழுவாகவும் மிதித்து வருவது இதைப் பொறுத்துத்தான் கூடும், குறையும்.

வெள்ளம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை இந்தச் சீமை மறக்காது. அவ்வளவு பெய்ய வேண்டியதில்லை; மலையில் ஒரு நல்ல மழைக்கே கடனாவும் ராமநதியும் அடிவாரத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே ஏறி வரும். தரைப்பாலம் ஒவ்வொன்றின் இரு முனையிலும் அளவுக்கம்பு நட்டு, 15 சென்டிமீட்டரில் சிவப்புக் கோடு போடுங்கள். ஓடுகிற தண்ணீர் அதற்கு மேல் போனால் சைக்கிளை உருட்டிக்கொண்டு கடப்பதும் ஆபத்து. பக்கவாட்டுப் பைகள் பாய்மரம் மாதிரி தண்ணீரைப் பிடிக்கும்.

சிவசைலம், கடையம் பக்கத்து அடிவாரச் சாலையில் கருக்கலுக்குப் பிறகு கரடியும் காட்டுப்பன்றியும் இறங்கும். அந்தத் துண்டின் இரு முனையிலும் ‘மாலை ஐந்தரைக்கு மேல் இந்த வழி வேண்டாம், பிரதான சாலையில் செல்க’ என்று எழுதி வையுங்கள். ஆடி அமாவாசை வாரத்தில் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போகிற கூட்டம் பாபநாசம் சாலையை நிறைத்துவிடும். பங்குனி உத்திரத்தன்று குடும்பத்தோடு சாஸ்தா கோயில்களுக்குப் போகிற வண்டிகள் எல்லாச் சாலையிலும் ஓடும். இந்த நாட்களைச் சுற்றுலாத் துறை அச்சிடும் வழித்தாளிலேயே குறித்துவிடலாம். தங்க இடம் பற்றியும் அதில் ஒரு வரி. குற்றாலத்தில் சீசனில் அறை தேடுவதைவிட அம்பையிலோ தென்காசியிலோ தங்குவது மேல். எந்த விடுதி சைக்கிளை உள்ளே ஏற்ற அனுமதிக்கிறது என்று குறிப்பிட்டால் போதும்.

எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் கேட்கவில்லை. பத்தமடையிலிருந்து அம்பை வரையுள்ள துண்டை முதலில் எடுங்கள். ஊர்கள் நெருக்கம், ரயில் நிலையம் நெருக்கம், சைக்கிள் கடையும் தேநீர்க் கடையும் நெருக்கம். தவறு நேர்ந்தால் திருத்தவும் எளிது. மழைக்காலம் முடிந்த கையோடு ஓரச் சரளும் வேகத்தடைக் கோடும் விலக்குப் பலகையும் முடிந்துவிட வேண்டும். உலர்களத்துக்கு இடம் பார்க்கும் வேலையை மட்டும் அதற்கு முன்பே தொடங்குங்கள், மாசியில் பிசான நெல் சாலைக்கு வந்துவிடும்.

அளவெடுக்க ஆள் வேண்டுமென்றால், எந்த விலக்கில் எந்தக் கல், எந்தத் தரைப்பாலத்தில் எவ்வளவு பள்ளம் என்பதைத் துண்டு துண்டாக எழுதிவைத்திருக்கிறோம். உங்கள் பொறியாளர் ஒருவர் ஒரு நாள் எங்களோடு சைக்கிளில் வந்தால் முழுவதையும் இடத்திலேயே காட்டிவிடுவோம்.

இப்படிக்கு,
நெல்லைச் சீமையில் சைக்கிள் மிதிப்பவர்கள்